தபசு மரத்தில் தேங்கிய இரத்தம்

இன்று விழுப்புரம் ஜங்ஷனில் பாண்டிச்சேரி வண்டிக்காக உட்கார்ந்திருந்தேன். ஒரு கூத்து ஜமா, ஆட்டக்காரர்களும் வேஷப் பெட்டிகளுமாக, வந்து பக்கத்தில் இறங்கியது. ஒரு பெட்டியின் மூடி சரியாகப் பூட்டவில்லை. தேங்காய் எண்ணெயில் குழைத்த அரிதாரத்தின் வாசனை வந்தது, கூடவே உன் நினைவும். உனக்கு நான் சொல்லி முடிக்காத ஒன்று இருக்கிறது. கேட்கமாட்டாய் என்பது தெரியும். உயிரோடிருந்தபோதும் கேட்டதில்லை.

நான் திண்டிவனத்தில் மல்லாட்டை எண்ணெய் மில்லில் கடலை ஆட்டும் வேலை செய்த காலம் அது. பக்கத்து ஊர் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்தில் அர்ச்சுனன் வேஷம் உன்னுடையது. தபசு நாளன்று, படிகள் அறைந்த உயரமான பனைமரத்தின் உச்சியில் ஒரு சிறு பலகைமேல் நின்று நீ பாட வேண்டும். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல், பிற்பகல் வெயிலில் ஏறுவாய். மற்ற ஊர் அர்ச்சுனர்கள் மேலே போயும் கொஞ்சம் ஆடுவார்கள். நீ அசையமாட்டாய். தவம் என்றால் அசையாமல் நிற்பது என்பது உன் கட்சி. அந்த நிலையைப் பார்க்கவே ஜனம் வந்தது.

நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. சந்தையில் வாங்கிய ஒரு பழைய உடற்கூற்றுப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். புரிந்ததை உனக்குச் சொன்னேன். நிற்கிறவனின் இரத்தம் காலுக்கு இறங்கப் பார்க்கும். கழுத்தில் ஓடும் பெரிய குழாய்களில் ஒரு காவல் இருக்கிறது. அழுத்தம் குறைந்தால் அது உடனே மூளைக்குத் தெரிவிக்கும். இருதயம் வேகம் எடுக்கும், சிறு குழாய்கள் இறுகும், இரத்தம் தலைக்கு ஏறும். கெண்டைச் சதை அசைந்தால் அதுவும் பிழிந்து மேலே அனுப்பும். வெயிலிலோ தோலின் குழாய்கள் விரிந்துவிடும், வியர்வையில் நீர் போய்விடும். காலையும் அசைக்காவிட்டால் உடம்பு எவ்வளவு நேரம் சமாளிக்கும்? உப்புக் கஞ்சி குடித்துவிட்டு ஏறு, காலையாவது மாற்றி மாற்றி வை என்றேன்.

"மல்லாட்டைய நசுக்கறவன் ரத்தத்தப் பத்தி பேச வந்துட்டான் பாரு," என்றாய், கன்னத்தில் அரிதாரம் பூசியபடி. மத்தளக்காரரும் சிரித்தார்.

அன்று பாட்டின் நடுவில் உன் குரல் நின்றது. வழக்கப்படி இடுப்பைத் துண்டால் மரத்தோடு கட்டியிருந்ததால் நீ விழவில்லை. தலை மட்டும் மார்பில் சாய்ந்தது. அர்ச்சுனன் தவத்தில் ஆழ்ந்துவிட்டான் என்று கூட்டம் கோவிந்தா போட்டது. பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள், அர்ச்சுனன் மேலிருந்து எறியும் எலுமிச்சம்பழத்துக்காக மடியை ஏந்தினார்கள். மயங்கினவன் விழுவது உடம்பு தானே செய்துகொள்ளும் வைத்தியம். விழுந்தால் தலையும் இருதயமும் ஒரே மட்டத்துக்கு வரும். இரத்தம் மேலே ஏற வேண்டியதில்லை. அந்த வழியையும் துண்டு அடைத்துவிட்டது. அவர்கள் கும்பிட்டுக்கொண்டிருக்க, நீ நின்றபடியே செத்துக்கொண்டிருந்தாய்.

நான் ஏறினேன். துண்டை அவிழ்த்தேன். மத்தளக்காரர் கீழிருந்து தாங்க, உன்னைத் தோளில் போட்டு இறக்கினேன். உன்னை மரத்தில் சாய்த்து உட்காரவைத்து விசிறினார்கள். தலை மறுபடி தொங்கியது. பிடித்திழுத்துத் தரையில் கிடத்தி, உன் கால்கள் இரண்டையும் என் தோள்மேல் தூக்கி வைத்தேன். அவை கோயிலுக்கு நேராக இருந்தன. ஊர்ப் பெரியவர் என் கையைப் பிடித்தார்.

"அம்மா மூஞ்சிக்கு நேரா காலத் தூக்கறியே, இன்னா ஜென்மம்யா நீ?"

"ஆளு பொழைக்கட்டும். அப்பறம் அம்மாகிட்ட நானே பேசிக்கறேன்," என்றேன்.

சற்று நேரத்தில் உன் உதட்டுக்கு நிறம் வந்தது. கண் திறந்தாய்.

திருவிழா முடிந்ததும் பஞ்சாயத்து கூடியது. விரதத்தில் குறை இல்லாவிட்டால் தவம் கலையுமா என்றார்கள். இனி வேஷம் உனக்கில்லை என்றார்கள். குறை விரதத்தில் இல்லை, இரத்த ஓட்டத்தில்தான் என்று நான் எழுந்து சொன்னேன். உன்னைக் கேட்டார்கள். விரதத்தை அவ்வளவு சுத்தமாகக் காத்தவன் நீ, "எங்கயோ கொற இருந்திருக்கும்ங்க," என்று தலை குனிந்தாய். வெளியே வந்ததும் என்னிடம் திரும்பினாய்.

"நீ ஏறாம இருந்திருந்தா அம்மாவே என்னைக் கண்ணு தொறக்க வெச்சிருப்பா. எல்லாத்தையும் கெடுத்துட்ட."

நீ என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான். எனக்கு நன்றி வேண்டியிருக்கவில்லை. நடந்ததை நடந்தபடி ஒருமுறை நீ சொல்லியிருக்கலாம். நானும் பிறகு உன் வாசலை மிதிக்கவில்லை. உன் சாவுக்குக்கூடத் தெருமுனையில்தான் நின்றேன்.

அந்தப் பஞ்சாயத்துக்கு அடுத்த வருஷத் தபசில் வேறொருவன் மரம் ஏறினான். கூட்டத்தின் கடைசியிலிருந்து பார்த்தேன். நீ மரத்தடியில் அண்ணாந்து நின்று, "பாடிக்கினே கால மாத்தி மாத்தி வைடா, சும்மா நிக்காத," என்று கத்தினாய். திரும்பியபோது என்னைக் கண்டாய். முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதை ஒப்புதல் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. வாயால் சொல்லாதது ஒப்புதல் ஆகாது.

இத்தனை வருஷத்தில் மில்லிலும் திருவிழாக்களிலும் எத்தனையோ பேர் மயங்கி விழுவதைப் பார்த்துவிட்டேன். நிமிர்த்தி உட்காரவைக்க ஓடி வருகிறவர்களை விலக்கிவிட்டு, படுக்கவைத்துக் காலைத் தூக்குகிறேன். தூக்குமுன் ஒரு கணம், கோயில் எந்தப் பக்கம் என்று பார்க்கிறேன். அந்தப் பழக்கம் உன்னால் வந்தது. பார்த்துவிட்டு, எந்தப் பக்கமானாலும் தூக்கிவிடுகிறேன்.