கோட்டில் உட்காராத ஐந்து புள்ளிகள்

என் கணக்கையெல்லாம் திருத்தித் தந்த அக்காவுக்கு,

நாளை உனக்குப் பதினாறாம் நாள். அழுது ஓய்ந்து அம்மா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். அடுப்படியில் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா விழித்தால் தொலைந்தேன்.

"அவ பொஸ்தகம் கண்ணுல படுதவரைக்கும் ஒங்க அம்மை தேற மாட்டா. நாளைக்கு எல்லாத்தையும் புஞ்சையில போட்டுக் கொளுத்திருதேன்" என்று அப்பா சாக்கில் கட்டிவிட்டார். உன் ஆய்வக நோட்டை மட்டும் உருவிவிட்டேன்.

காய்ச்சலோடு வீட்டுக்கு வந்த அன்றும் நீ சும்மா இருக்கவில்லை. "ஏட்டி, கரன்ட் போகாத ரெண்டு ஆக்சைடை ஒண்ணு மேல ஒண்ணா வளத்தா, நடுவுல எலக்ட்ரான் ஓடும் தெரியுமா?"

"நம்ம வீட்டு வயர்லயே ஓட மாட்டேங்குது, போக்கா."

சிரித்தாய். அதில் ஓர் ஆக்சைடு எவ்வளவு குளிர்ந்தாலும் ஒரு நிலைக்கு வராமல் விளிம்பிலேயே நின்று தவிக்கும், சூடு முழுக்க வடிந்தாலும் அந்தக் குவாண்டம் தவிப்பு அடங்காது என்றாய். பக்கத்தில் ஓடும் எலக்ட்ரானை அது பாதிக்குமா? அதுதான் உன் கேள்வி.

கண் வலிக்கிறது என்று அளவுகளை என்னிடம் தந்து வரைபடம் போடச் சொன்னாய். கடுங்குளிரில் எடுத்த கடைசி ஐந்து புள்ளிகள் கோட்டில் உட்காரவில்லை. பள்ளிச் செய்முறையில் கோடு நேராக வந்தால்தான் மார்க். அங்கே செய்வதுபோலவே புள்ளிகளை நகர்த்திவிட்டேன்.

"கடைசிப் புள்ளியெல்லாம் வெலகுதாட்டி?"

"இல்லக்கா, எல்லாம் கோட்டுலதான் இருக்கு." எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்!

"அப்போ நான் நெனச்சது தப்பு" என்றாய். அதைப் படம் எடுத்து உன் ஆய்வுக்கு வழிகாட்டும் சாருக்கு அனுப்பிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். அந்த விலகலைத்தான் நீ தேடினாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏன் வாய் திறக்கவில்லை? காய்ச்சல் இறங்கியதும் சொல்லலாம் என்றிருந்தேன். இறங்கவே இல்லையே, அக்கா.

நேற்று சார் பேசினார். படத்தில் விலகலே இல்லை என்று அந்த வேலையை இத்தோடு நிறுத்திவிடுகிறாராம். சரியான அளவுகள் இந்த நோட்டில் மட்டும்தான் இருக்கின்றன. அவரிடம் கொடுத்தால், கடைசியில் உன்னிடம் பொய் சொல்லி வழியனுப்பியவள் நான் என்று அம்மாவுக்குத் தெரியும். அவள் என் முகத்தில் விழிப்பாளா? கொடுக்காமல் திரும்பச் சாக்கில் வைத்தால் நாளைக்குச் சாம்பல்.

அந்த விலகலுக்கு நீ நினைத்ததுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் விலகியது நிஜம்.

விடிந்ததும் அப்பா முன்னால் சொல்லிவிடுவேன். அடித்தாலும் நோட்டை விடமாட்டேன். சாரிடமும் என் வாயாலேயே சொல்வேன்: புள்ளிகள் அக்காவுடையவை, கோடு மட்டும்தான் என்னுடையது.

நீ கேட்டபோது பொய் சொன்ன,
உன் ஒரே தங்கச்சி