லேகினுக்குப் பிறகு டாக்டர் சொன்னது

என் ஆசை மாப்பிள்ளை முருகையாவுக்கு,

என் தங்கச்சி போன வழியே நீரும் போய் ஏழு வருஷமாகிறது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல உம் மகள் பேச்சிதான் எழுதுகிறாள். இதில் நான் சொல்லப்போவது அவளுக்கும் இன்னும் தெரியாது. பிழைக்க வந்த இந்த இந்திக்கார ஊரில் நம் தெருத் தமிழ்ச் சங்கத்து மலரில் போடுவார்களாம். போடட்டும்.

போன செவ்வாய்க்கிழமை, உமக்கு ஆபரேஷன் செய்த அதே ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் போனோம். அப்பாவுக்குக் குடலில் புற்று வந்திருந்தால், பிள்ளைகளும் நாற்பது வயதில் குடலைச் சோதித்துக்கொள்ள வேண்டுமாம். பேச்சி பணம் கட்டப் போனாள். மேஜையில் உம்முடைய பழைய ஃபைல் இருந்தது. என் வாய் சும்மா இருக்குமா? "என் மாப்பிள்ளையின் கட்டியில் செல்லெல்லாம் சாகிறது என்றார்களே, பிறகு ஏன் போனார்?" என்று டாக்டரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன்.

ஆபரேஷன் முடிந்து ரிசல்ட் கேட்க நான்தானே போனேன்? "மச்சான், நீங்க போய்க் கேட்டுட்டு வாங்க, எனக்குக் காலு வரமாட்டேங்கு" என்றீர். அப்போதிருந்த டாக்டரம்மா விளக்கினார். வெட்டியெடுத்த கட்டியில் ஒரு மருந்தைப் போட்டால் சாகிற செல்லுக்கு மட்டும் நிறம் ஏறுமாம். தோல் பட்டறையில் சாயத்தோடு கிடந்தவனுக்கு அது சட்டென்று பிடிபட்டது. "பஹுத் செல் மர் ரஹே ஹைன்" என்றார். நிறைய செல் செத்துக்கொண்டிருக்கிறதாம். "லேகின்..." என்று தொடர்ந்தார்.

லேகின் என்றால் 'ஆனால்'. அதற்குப் பிறகு அவர் சொன்னதை இன்றைக்கும் ஒரு சொல் விடாமல் ஒப்பிப்பேன். அர்த்தம்தான் பிடிபடவில்லை. திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டு எழுந்து வந்துவிட்டேன்.

"வேய் மாப்ள, கட்டி தானாச் சாவுதாம்!" இவ்வளவுதான் நான் உம்மிடம் சொன்னது. எப்படிச் சிரித்தீர்! "அப்ப அந்தக் கீமோ ஊசி எதுக்கு மச்சான்? நாளைக்கே பட்டறைக்கு வாரேன்" என்றீர். நானும் தலையாட்டினேன்.

அந்த லேகினுக்குப் பிறகு இருந்ததைச் செவ்வாய்க்கிழமை டாக்டர் எனக்குப் புரிகிற இந்தியில் பொறுமையாகச் சொன்னார். கட்டியில் செல் சாவது நிஜம். சாகச் சாக அந்த இடத்தில் புதிதும் முளைக்கும். நிறையச் சாவது சிலருக்கு நல்ல அடையாளம், சிலருக்குக் கட்டி வேகமாக வளர்வதன் அடையாளம். அன்று பார்த்தது ஆராய்ச்சிக்காக. அதை வைத்து யாருக்கும் ஊசியை நிறுத்த மாட்டார்கள். பிறகு ஃபைலில் ஒரு வரியில் விரலை வைத்தார். எனக்குப் போய் எழுத்தைக் காட்டுகிறார், பாரும். அவரே படித்தார்: ஊசிக்கு வரச் சொல்லியும் நோயாளி வரவில்லை.

வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "வாய்ப்பு கூடியிருக்கும். அவர் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது" என்றார். மாப்ளே, கடைசி மாசத்தில் 'கட்டி தானாச் சாவுதுன்னீங்களே மச்சான்' என்று நீர் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லையே. தெரிந்துதான் கேட்கவில்லையா?

இந்த இடத்தில் பேச்சி எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"மாமா, இதையும் எழுதணுமா?"

"எழுது தாயி."

"நானும் கூட வாரேன்னு அன்னைக்குச் சொன்னேம்லா? 'பொட்டப்புள்ளைக்கு அங்க என்ன சோலி'ன்னு நீங்கதான மறிச்சீங்க? பத்தாப்பு வரைக்கும் இந்தி படிச்சவ நானு. நீங்க எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்க?"

அவள் கேட்டதையும் அப்படியே எழுதச் சொன்னேன். பேனா காகிதத்தைக் கிழித்துவிடும்போல அழுத்தி எழுதுகிறாள். கொஞ்ச நேரம் எழுந்துபோய்க் குழாயடியில் நின்றாள். திரும்பி வந்து சொன்னாள்:

"வியாழக்கிழமை டெஸ்டு. கூட ஆளு வேணுமாம். நீங்க வரணும். ஆனா டாக்டர் பேசும்போது உள்ள வரப்படாது."

வருகிறேன் மாப்பிள்ளை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். டாக்டர் சொல்வதை அவள் தன் காதால் கேட்டு, புரியாததைத் திருப்பிக் கேட்டு, அவளாக வந்து சொல்லும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். உமக்கு இந்த வாக்கு தருகிறேன். அங்கே என் தங்கச்சி கேட்டால், நடந்ததை மறைக்காமல் சொல்லும்.

கடைசியில் பேருக்கு மேலே உறவு போட வேண்டுமே, மச்சான் என்றா, வேறு என்ன போடட்டும் என்கிறாள் பேச்சி. உன் மனசுக்கு வந்ததைப் போடு தாயி என்றேன். என்ன போடுகிறாளோ, எனக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் என் கைநாட்டு இருக்கும்.

பேச்சியின் தாய்மாமன்,
சுடலைமுத்து