கொதிக்க வைத்த ஸ்பாஞ்சு

மார்ச் 3

கடைசி மீனும் போய்விட்டது. கறுப்பு வால் கப்பி.

சனிக்கிழமை தொட்டியைக் கழுவியது நான்தான். கண்ணாடி, கூழாங்கல், வடிகட்டியின் ஸ்பாஞ்சு, எதையும் விடவில்லை. ஸ்பாஞ்சைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தேன். ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கிப் பழகிய கை. அழுக்கைப் பார்த்தால் சும்மா இருக்குமா?

ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து ஹாலில் படுத்த நாளிலிருந்து, இவருக்குப் பார்க்க இருந்தது அந்தத் தொட்டி ஒன்றுதான். திட்டுவார் என்று நினைத்தேன். "நல்லவேளை, என்னைக் கொதிக்க வைக்கல" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 5

மருந்து வாங்கப் போன கையோடு வளர்ப்பு மீன் கடைக்கும் போனேன்.

"அக்கா, அதுல இருந்தது அழுக்கில்ல. மீனோட கழிவு விஷமாகாம பாத்துக்கிற கிருமி. அத வேக வச்சுட்டீங்களே!"

கிருமி நல்லது செய்யுமாம். என்னிடமே சொல்கிறார் கடைக்காரர். அது மறுபடி வளர, கொஞ்ச நாள் மீனில்லாமல் தண்ணீர் ஓட வேண்டுமாம், தினம் ஒரு சிட்டிகை இரை போட வேண்டுமாம். இல்லாத மீனுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 9

ஆஸ்பத்திரி சூப்பர்வைசர் போன் செய்தார். லீவு முடிகிறதாம்; ஒன்றாம் தேதி வராவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். என்னத்தை யோசிப்பது? இவரைப் புரட்ட, துடைக்க, பகலில் யார் இருக்கிறார்கள்?

இவருடைய அக்கா வருகிறேன் என்கிறார். போன மாதம் வந்தவர்தான். மேசை துடைத்த துணியாலேயே இவர் வாயையும் துடைத்தார். நான் பேசிய பேச்சில் சாப்பிடாமலே கிளம்பிப் போனார்.

ஜன்னலைத் துடைத்துத் துடைத்து, தெருவில் போகிறவர்களைப் பார்க்கிறேன்.

மார்ச் 14

ஹால், சமையலறை, குளியலறை. துடைத்து முடித்து, மறுபடி ஹால்.

மார்ச் 17

தொட்டித் தண்ணீர் கலங்கி வெளுத்துப் போயிருந்தது. கை கேட்கவில்லை. முழுக்கக் கொட்டிக் கழுவி மாற்றிவிட்டேன். மறுபடி முதலிலிருந்து. நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

இவர் கத்தினார். "தொட்டிய விடு. என்னையும் கொஞ்சம் விடு. நாள் முழுக்கத் தேய்ச்சா தோலு என்னத்துக்கு ஆகும்?"

எனக்கும் பொங்கிவிட்டது. "நான் என்ன ஆசைப்பட்டா இங்க கெடக்கேன்? மூச்சு முட்டுது எனக்கு!"

"அப்ப அக்காவ வரச் சொல்லு" என்றார். நான் போய்க் கை கழுவினேன்.

மார்ச் 20

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். தன் தொட்டி ஒன்றிலிருந்தே ஸ்பாஞ்சை உருவி, தண்ணீரோடு பையில் கட்டிக் கொடுத்தார். பழுப்பு நிறம், கொழகொழவென்று. "அந்தக் கிருமி இதுலதான் இருக்கு. கழுவாம அப்படியே வைங்க அக்கா. புண்ணியமாப் போகும்."

பையைப் பிடித்துக்கொண்டு குழாயடியில் நின்றேன். குழாயைத் திறந்தேன். மூடினேன். இன்னொருத்தர் அழுக்கை என் வீட்டுக்குள்—ஐயோ. கண்ணை மூடிக்கொண்டு வைத்துவிட்டேன்.

அந்த வேகத்திலேயே இவருடைய அக்காவுக்குப் போன் போட்டேன். "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது அண்ணி. பகல்ல வந்து இருக்க முடியுமா?"

"வரேன். ஆனா நான் தொடச்சா, நான் தொடச்ச மாதிரிதான் இருக்கும். சொல்லிட்டேன்."

மார்ச் 27

இரண்டு கப்பி விட்டிருக்கிறோம். நீந்துகின்றன. பேர் வைக்கச் சொன்னால் இவர், "மொதல்ல உன் கையில இருந்து தப்பிக்கட்டும்" என்கிறார்.

ஏப்ரல் 1

ஆஸ்பத்திரியில் மதிய இடைவேளை. உள்ளே கருவித் தட்டுகள் வேகின்றன. இங்கே எவ்வளவு கொதிக்க வைத்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

அண்ணி போனில் வந்தார். "மீனு ரெண்டும் இருக்கு. என் தம்பியும் இருக்கான். பால் கொஞ்சம் அவன் மேல சிந்திடுச்சு, தொடச்சுட்டேன்."

எந்தத் துணியால்? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"நீங்க சாப்டீங்களா அண்ணி?" என்று கேட்டேன்.