கீழத்தெருப் பாதைக்காக இரண்டு நாள் ஓட்டம்

தை 12, செவ்வாய்

கடும் பனி. ஐந்து மணிக்கு ஆற்றங்கரையில் பத்து கி.மீ. எதிரே வந்த சைக்கிள்காரர் என் கண்ணுக்குத் தெரியவில்லை, அவராகப் பார்த்து ஒதுங்கினார். இடது முழங்கால் இன்று சொன்ன பேச்சைக் கேட்டது. ஆறு மாதத்தில் பதினோரு கிலோ இறங்கியிருக்கிறேன். நாற்பத்தொன்பது வயது, நெல் வியாபாரியின் தொந்தியோடு ஆரம்பித்தவன். பெருமைப்பட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் முழு மாரத்தான். நாளுக்கு 42 கி.மீ. முதல் நாள் பூம்புகார் கடற்கரையிலிருந்து ஆடுதுறைக்குக் கொஞ்சம் முன்னால் வரை. மறுநாள் அங்கிருந்து அய்யம்பேட்டைப் பக்கம் நம் ஊர் எல்லை.

எதற்கு என்று எழுதி வைக்கிறேன், கால் கெஞ்சும்போது நினைத்துக்கொள்ள. கீழத்தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. வாய்க்காலில் இறங்கி, கோவிந்தராசு பண்ணையின் வயலில் ஏறிப் போக வேண்டும். முந்தின வருஷ ஐப்பசி மழையில் அம்மாவை இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிப் போனோம். பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. அதற்கு மேல் எழுதவில்லை.

வேண்டியது: வாய்க்காலுக்கு ஒரு பாலம், வயலோரம் ஒரு பாதை. பாலத்துக்கான பணத்தை ஓட்டத்தில் சேர்த்துவிடுவேன். பாதைக்கான இடம் கோவிந்தராசு கையில்.

தை 13, புதன்

ரூபாயாகக் கேட்டால் பத்தைக் கொடுத்துவிட்டுப் போட்டோ எடுக்கிறார்கள். அதனால் நெல்லாகக் கேட்டேன். கி.மீ.க்கு ஒரு படி, களத்திலேயே அளந்து கொடுக்க வேண்டும். அறுப்பு நேரத்தில் களத்துக்கு வந்து கேட்டவனை வெறுங்கையாய் அனுப்பும் வழக்கம் இந்தப் பக்கம் இல்லை. ஆறு மாத யோசனையில் இதுதான் உருப்படியான யோசனை.

இதுவரை:
கீழத்தெரு, எல்லா வீடும்.
மேலத்தெரு, பதினொரு வீடு. எதிர்பார்க்கவில்லை.
சிங்கப்பூரில் இருக்கும் நம் தெருப் பிள்ளைகள், சிமென்ட்.
இரண்டு கட்சிக்காரர்கள், சால்வை.

ஆளுங்கட்சிக்காரர் கொடியசைத்துத் தொடங்கி வைப்பாராம். எதிர்க்கட்சிக்காரர் மாலை போட்டு முடித்து வைப்பாராம். இருவருக்கும் ஒரே பதில் சொன்னேன். "அண்ணே, சால்வைக்கு ஆகுற காசுக்கு நெல்லா குடுங்க. போட்டோ நானே எடுத்து அனுப்புறேன்." இருவரும் கொடுத்தார்கள், மற்றவர் எவ்வளவு கொடுத்தார் என்று விசாரித்துவிட்டு.

தை 14, வியாழன்

டீக்கடையில் கோவிந்தராசு. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அந்தக் காலத்தில் என் அப்பா கொடி பிடித்தவர். கோவிந்தராசுவின் அப்பா வெளியூர் ஆள் வைத்து அறுத்தவர். கீழத்தெருவுக்கு ஒரு சாண் இடம் விடக்கூடாது என்பது அன்றிலிருந்து அந்த வீட்டுச் சட்டம். சந்தை விலைக்கு மேலே வைத்து மூன்று தரம் கேட்டுவிட்டேன். "நெலம் விக்கிறதுக்கு இல்லப்பா" என்பார், அதோடு சரி.

இன்று அவரே ஆரம்பித்தார்.

"என்னப்பா, ரெண்டு நாளு ஓடப் போறியாமே. யாரு தொரத்துறா?"

"வேற யாரு, நீங்கதாங்க."

கடையே சிரித்தது. அவரும் பாதி சிரித்தார்.

"முழுசா ஓடிட்டு வா, பாதைய பத்திப் பேசுவோம். பாதியில ஆட்டோவுல வந்து எறங்குனா, அப்பறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"சரிங்க."

இருபது பேர் சாட்சி. எங்கள் வியாபாரத்தில் இதற்கு அச்சாரம் என்று பேர்.

தை 15, வெள்ளி

என் நெல் கடையை அடைத்தாயிற்று. வாழைப்பழம், உப்பு, தேங்காயெண்ணெய், பஞ்சு, இரண்டு டவல். மல்லிகா மொபெட்டில் கூடவே வருகிறாள். "நீங்க விழுந்தா என்னால தூக்க முடியாது. போன்தான் பண்ணுவேன்." கட்டிய மனைவி.

தை 16, சனி

முதல் 42 முடிந்தது. ஐந்து மணி நேரம் ஐம்பது நிமிடம். கடல் காற்று முதுகைத் தள்ளியது, மாயவரம் வரை சிரமமே இல்லை. அப்புறம் ஊருக்கு ஊர் உபசாரம். இளநீர், மோர், ஓரிடத்தில் பொங்கல். வேண்டாம் என்றால் முகம் வாடுகிறது. வாங்கி வாங்கி மல்லிகாவிடம் கொடுத்தேன். அவள் எடை கூடியிருக்கும்.

குத்தாலத்துக்கு அப்பால் ஒரு அம்மா கூடவே பத்தடி ஓடிவந்து, "என்ன வேண்டுதல் தம்பி?"

"பாதைக்கும்மா."

"எந்தச் சாமிக்கு?"

"அது டீக்கடையில ஒக்காந்திருக்கும்மா."

தொடை இரண்டும் கட்டையாகக் கிடக்கின்றன. நாளைக்கு எழுந்தால் பாதி ஜெயித்த மாதிரி.

தை 17, ஞாயிறு

முடித்தேன். எண்பத்து நாலு.

முப்பத்தைந்து கி.மீ. வரை உடம்பு வண்டி ஓடியது. பாபநாசத்துக்கும் அய்யம்பேட்டைக்கும் நடுவில் ரோட்டின் ஒரு பக்கம் முழுக்க நெல் காயப் போட்டிருந்தார்கள். மறுபக்கம் பஸ், லாரி. நெல் மேல்தான் போக வேண்டும். ஷூக் காலோடு நெல்லை மிதிப்பதா? முப்பது வருஷம் சோறு போட்ட சரக்கு. யோசிக்கவே இல்லை, கழற்றி மல்லிகாவிடம் கொடுத்துவிட்டேன். நெல் முடிந்ததும் திருப்பி வாங்கினால் கால் நுழையவில்லை. பூசணிக்காயாக வீங்கியிருந்தது. நடுவில் கழற்றவே கூடாது என்பது ஓட்டக்காரன் எல்லோருக்கும் தெரிந்த பாடம். எனக்கும் தெரியும்.

மீதி ஆறு கி.மீ. வெறுங்கால், உச்சி வெயில், தார்.

"ஆட்டோவ கூப்பிடவா?"

"கூப்பிட்டா பாதை போச்சு."

மல்லிகா மொபெட்டை நிறுத்தினாள். டவலைக் கிழித்து இரண்டு காலிலும் கட்டிவிட்டாள். "ஓடுங்க. அத்தைக்காக ஓடுங்க." ஓட்டம், நடை, ஓட்டம்.

எல்லையில் இரண்டு தெருவும் நின்றது. கோவிந்தராசும் நின்றார். டவலில் ரத்தம் பார்த்தார்.

"நெல்லு மேல ஷூவ கழட்டிட்டு வந்தியாமே. காய்ஞ்சிருந்துச்சா?"

"இன்னும் ஒரு வெயில் வேணுங்க."

இந்த முறை முழுதாகச் சிரித்தார்.

தை 18, திங்கள்

எழ முடியவில்லை. பத்து மணிக்கு வாசலில் புல்லட் சத்தம். கோவிந்தராசு கீழத்தெருவுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. மல்லிகா நாற்காலி போட்டாள், உட்கார்ந்தார், காப்பி குடித்தார்.

"தானமா எழுதிடுறேன்ப்பா."

"வேணாங்க. கிரயமா எழுதுங்க, பஞ்சாயத்து பேருக்கு."

"சும்மா குடுத்தா கசக்குதா?"

"சும்மா குடுத்தா நாளைக்கு ஒங்க பேரன் திருப்பிக் கேப்பான். வெல குடுத்து வாங்குனா கேக்க முடியாது."

தம்ளரைக் கீழே வைத்தார். "சரி, வெலயே போடு. ஆனா பாடை போற அகலம் பத்தாது. டிராக்டர் போற மாதிரி எடு. பாலம் வந்தா என் நெல்லும் அந்த வழியாத்தான் வரும்."

"அப்ப பாலத்துல பாதிச் செலவு ஒங்களுது."

"கால் நடக்கலன்னாலும் வாய் நடக்குதுய்யா ஒனக்கு" என்று எழுந்தார். மறுக்கவில்லை.

மதியம் மூன்று. கட்டிலில் இருந்தே வயல் தெரிகிறது. தெருக்காரர்கள் கயிறு பிடித்து முளை அடிக்கிறார்கள். கோவிந்தராசு வரப்பில் நின்று, "இன்னும் உள்ள போடுப்பா, வண்டி திரும்ப வேணாமா" என்று கத்திக்கொண்டிருக்கிறார்.