வால் தகட்டில் ஒரு கீறல்

மே 28, புதன்

மாலை வெர்லின் வந்தான். எங்களுக்கு விவாகரத்தாகி இரண்டு வருடம் ஆகிறது. விமானத்தை நீதிமன்றம் அவனுக்குக் கொடுத்துவிட்டது. ஆனால் எட்டு வருடம் கொட்டகையில் அதைக் கட்டியவள் நான். கட்டியவருக்குத் தரும், சோதனை செய்யும் உரிமைச் சான்றிதழ் என் பெயரில்தான் இருக்கிறது. எண்ணெய் மாற்றுவது, சக்கரம் மாற்றுவது எல்லாம் அவனே செய்துகொள்ளலாம். வருடாந்திரச் சோதனைக்கு மட்டும் நானோ உரிமம் பெற்ற மெக்கானிக்கோ கையெழுத்திட வேண்டும். இந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் வீட்டில் கட்டிய விமானம் என்றாலே கையை விரித்துவிடுகிறார்கள்.

"சனிக்கிழமையோட பழைய கையெழுத்து காலாவதி, ஜோலீன். ஏழாம் தேதி பெமிட்ஜில விமானத் திருவிழா. பாத்துக் குடுத்துடு."

அங்கே போய் 'நான் கட்டினது' என்பான். சொல்லிக்கொள்ளட்டும்.

மே 30, வெள்ளி

வால் மடலைத் தாங்கும் தகட்டில் மயிரிழைபோல ஒரு கோடு. பெயிண்டைச் சுரண்டி, விரிசல் இருந்தால் உள்ளே இறங்கும் சிவப்புச் சாயம் தடவினேன். துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி தெளித்ததும் நகத்தின் நீளத்துக்குச் சிவப்பு கசிந்தது. அந்த மடல் பிய்ந்தால் வானத்தில் விமானம் யார் சொல்லும் கேட்காது.

தகட்டை வெட்டி அரம் போட்டதும் நான்தான். ஓரத்தைச் சரியாக வழவழப்பாக்காமல் விட்டிருக்கிறேன்; அந்தச் சொரசொரப்பிலிருந்துதான் விரிசல் கிளம்பும்.



மே 31, சனி

சொல்லிவிட்டேன்.

"அது பெயிண்ட் கீறல்" என்றான்.

"பெயிண்ட் கீறல்ல சாயம் இப்படிக் கசியாது."

"வீட்டை எடுத்துக்கிட்டே. நாயையும் எடுத்துக்கிட்டே. இப்ப இதையும் பறக்க விடமாட்டே, அப்படித்தானே? ஆமா, அந்தத் தகடு யாரு செஞ்சது?"

"நான்தான். தப்பாச் செஞ்சிருக்கேன். அதனாலதான் கையெழுத்துப் போடமாட்டேன்."

கதவை அறைந்துவிட்டுப் போனான்.

ஜூன் 1, ஞாயிறு

பழிவாங்குகிறேனா? அவன் முகம் சுருங்கியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்ததா? இருந்தது — கொஞ்சம். ஆனால் கீறல் அதற்கு முன்பே இருந்ததே.

ஜூன் 4, புதன்

தூரத்து டுலூத்திலிருந்து பெல்கி என்ற மெக்கானிக்கை வெர்லின் வரவழைத்திருந்தான். 'நீயும் வந்து நில்லு' என்று எனக்கும் செய்தி அனுப்பினான். போனேன்.

பெல்கி தகட்டைக் கழற்றித் திருப்பினார். பின்பக்கம் கோடு ரிவெட் ஆணித் துளையிலிருந்து ஓரம்வரை ஓடியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். தகடு இரண்டாகிவிட்டது.

"இதைக் கண்டுபிடிச்சது யாரு?"

வெர்லின் தரையைப் பார்த்தான். பிறகு, "இவதான். இந்த விமானத்தைக் கட்டினவ" என்றான்.

அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

ஜூன் 5, வியாழன்

புதுத் தகடு, இரண்டு பக்கத்துக்கும். ஓரத்தில் நகம் தடுக்காதவரை அரம் போட்டேன். தோள் கழன்றுவிடும்போல இருக்கிறது.

ஜூன் 14, சனி

திருவிழா முடிந்து ஒரு வாரமாகிவிட்டது. விமானம் தரையிலேயே நின்றது; தகடுகளைப் பொருத்தி முடிக்கவே இத்தனை நாள் ஆனது. முழுச் சோதனையும் மறுபடி செய்தேன். பதிவேட்டில், பாதுகாப்பாகப் பறக்கும் நிலையில் இருக்கிறது என்று எழுதி முழுப் பெயரையும் போட்டேன்.

வெர்லின் சாவியை நீட்டினான். "மொதல்ல நீ ஓட்டிப் பாரு."

இரண்டு வருடத்துக்குப் பிறகு, ஓட்டுபவரின் இடதுபக்க இருக்கை. ஏரிக்கு மேலே ஏற்றினேன், இறக்கினேன், இரண்டு பக்கமும் திருப்பினேன். சொன்னதையெல்லாம் கேட்டது. கீழே வேலியோரம் அவன் சின்னதாக நின்றிருந்தான்.

சோதித்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். நாற்பது நிமிடம் பறந்தேன்.