ஜெனோவேவாவின் நாணல் வேலி

மார்ச் 9

யாருமே நம்பமுடியாத ஒரு கதையை இன்று தொடங்கி இங்கே எழுதப்போகிறேன் என்று, கொலாரிஷ் கடற்கரை மணலின் மேலும் என்னிடமுள்ள ஒரே நல்ல தொப்பியின் மேலும் சத்தியம் செய்கிறேன். எழுதுபவன் பெல்மிரோ. மணல் சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தி. சாம்ராஜ்யத்தை ஒரு கழுதை கத்தி முடிப்பதற்குள் நடந்து கடந்துவிடலாம். அதனால் என்ன?

இன்று ஒரு திராட்சைக் கொடிக்குக் குழி தோண்டினேன். எங்கள் ஊர்க் கொடி மணலுக்கு அடியிலிருக்கும் களிமண்ணைத் தொட்டால்தான் பிழைக்கும். மணல் சரிந்து மூடினாலும் மூச்சுவிட இடமிருக்கட்டும் என்று, வழக்கப்படி தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கினேன். தோண்டினேன், தோண்டினேன். கீழே, பூமியின் மறுபக்கத்தில், மக்காவ்காரர்கள் கருவாட்டுக்கு விலை பேசுவது கேட்டது. அதற்கப்புறம்தான் களிமண் வந்தது.

பக்கத்து நிலத்து ஜெனோவேவா வேலிக்கு மேல் எட்டிப்பார்த்தாள். கணவனை இழந்தவள், என்னைவிட இரண்டு வயது சின்னவள், நாக்கு மட்டும் என்னைவிட நூறு வயது மூத்தது.

"யோவ் பெல்மிரோ, கூடைக்குள்ள தலை இருக்கா, இல்ல சும்மாதான் கவுத்து வச்சிருக்கியா?"

அவள் பக்கம் களிமண் முழங்கால் ஆழத்திலேயே கிடைத்துவிடும். அந்தத் திமிர்.

மார்ச் 16

ஞாயிறு. என் அக்கா மகள் இடாலினா சாப்பிட வந்தாள். ஊர்க் கிடங்கில் எல்லார் திராட்சையையும் ஒயினாக்குகிறவள் அவள்தான். காட் மீன் கருவாடும் உருளைக்கிழங்கும் பரிமாறினேன். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு வெடியைப் போட்டாள்.

"மாமா, போன வருஷம் உங்க பீப்பாய் பாதிதான் நிறைஞ்சுது. மீதிப் பாதியில காத்து குடியேறி, எல்லாம் காடியாப் போச்சு. இந்த வருஷமும் நிறையலைன்னா அடுத்த வருஷம் உங்களுக்குன்னு தனிப் பீப்பாய் தரமாட்டேன்."

"அப்ப என் திராட்சைய என்ன பண்றது?"

"பழமாத் தின்னுங்க."

எங்கள் ரமிஷ்குத் திராட்சையைப் பழமாகத் தின்பதா! அதன் தோலில் நான் செருப்புக்கு ஒட்டுப்போட்டிருக்கிறேன்.

நிறையும். கடல் வற்றினாலும் என் பீப்பாய் நிறையும். எழுதி வைக்கிறேன்.

ஜூன் 21

கோடை பிறந்ததாம். மூடுபனி. சூரியனைக் காணோம்.

ஜூலை 2

இன்றும் மூடுபனிதான். காலையில் என் கோட்டைக் கழற்றி அதன் மேல் மாட்டிவிட்டு வேலை செய்தேன். மதியம் பனி விலகியபோது கோட்டு சிந்த்ரா மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் உள்நாட்டுக்காரர்கள் சிரிக்கட்டும். அவர்கள் வெயிலில் திராட்சை ஒரே மாதத்தில் கறுத்து, கொழுத்து, சர்க்கரைப் பாகாகிவிடும். எங்களுடையது குளிரில் உட்கார்ந்து யோசித்து யோசித்துப் பழுக்கும். அதனால்தான் ஒயின் முதலில் முறைக்கிறது. பத்து வருடம் போனால் வாயைத் திறந்து பேசும். கொடிகளும் எங்கள் ஊரில் நிமிர்ந்து நிற்பதில்லை. மணலில் கிழ நாய்களைப்போல் படுத்துக் கிடக்கும். காற்று மேலே கத்திவிட்டுப் போகும். மணல் கீழேயிருந்து சூடு கொடுக்கும்.

ஜூலை 19

ஜெனோவேவா கடல்பக்கத்து வேலிக்குப் புது நாணல் கட்டிவிட்டாள். "உன்னுது பல்லு போன சீப்பு மாதிரி இருக்கு, பாத்துக்கோ" என்றாள். என் வேலியைப் பார்த்துக் காற்றே வழி மாறிப் போகும் என்றேன்.

நீல முக்காடு கட்டியிருந்தாள். குறிப்பதற்கு ஒன்றுமில்லை. சும்மா குறிக்கிறேன்.

ஜூலை 30

இன்று வரலாறு படைத்தேன். ஊரிலேயே முதல் ஆளாக என் கொடிகளைத் தூக்கிவிட்டேன்!

பழம் பருத்ததும் ஒவ்வொரு கொடியையும் சின்ன நாணல் குச்சிகளின் மேல் ஒரு சாண் உயரத்துக்கு ஏற்றி வைப்போம், சுடுமணலில் பட்டு வெந்துபோகாமல் இருக்க. ஆகஸ்டில் வடக்குக் காற்று தணிந்த பிறகு செய்கிற வேலை. நான் ஏன் காத்திருக்க வேண்டும்? முந்தித் தூக்கினால் முந்திப் பழுக்கும். முந்திப் பழுத்தால் பீப்பாய் நிறையும்.

இடாலினா பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். "காத்து இன்னும் அடங்கல மாமா."

"அது என்கிட்ட சொல்லிட்டுத்தான் கிளம்பும்."

ஜெனோவேவா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். தன் கொடிகளில் ஒன்றைக்கூட அவள் தூக்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 4

காற்று.

சொல்லாமல் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 5

தொப்பி பிரேசில் போய்ச் சேர்ந்திருக்கும். கோழிகள் ஒரே முட்டையை மூன்று முறை இட்டன, காற்று திருப்பித் திருப்பி உள்ளே தள்ளியதால்.

சரி. போதும்.

கடல்பக்கத்து வேலி பாதி படுத்துவிட்டது. குச்சிமேல் ஏறி நின்ற கொடிகளை உப்புக்காற்று அறைந்திருக்கிறது. இலையெல்லாம் கருகல். குலைகள் மணலில் சிதறிக் கிடக்கின்றன. தரையோடு கிடந்திருந்தால் காற்று தலைக்கு மேலே போயிருக்கும்... நான்தான் தூக்கி நிறுத்திக் கொடுத்தேன். எதுக்கு? முதல் ஆளா இருக்கணும்னு. என்ன மனுஷன்டா நீ, பெல்மிரோ?

விடிந்ததும் போனேன். எனக்கு முன்பே ஜெனோவேவா என் நிலத்தில் மண்டியிட்டுக் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கொடிகளைக் கீழே கிடத்திக்கொண்டிருந்தாள்.

"நிக்காதய்யா, அந்த வரிசையப் பாரு. இன்னிக்கும் அடிக்கும்."

"ஜெனோவேவா, இந்தக் காத்து..."

"உன் பொய்ய அப்புறம் கேக்கறேன். குனி."

குனிந்தேன். பேசாமல் வேலை செய்தோம். நான் இவ்வளவு நேரம் பேசாமலிருந்தது ஞானஸ்நானத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. கொடிகள் எல்லாம் தரைக்கு வந்ததும் கடல்பக்கத்து ஓட்டையைப் பார்த்தாள். என்னிடம் நாணல் இல்லை. கடையில் வாங்கக் குளிர்காலம்வரை காத்திருக்க வேண்டும். அவள் நேரே எங்கள் இரண்டு நிலத்துக்கும் நடுவிலிருந்த வேலிக்குப் போனாள். அது அவளுடைய வேலி, அவள் கட்டியது. கத்தியை எடுத்துக் கட்டுகளை அறுக்க ஆரம்பித்தாள்.

"என்ன பண்றே?"

"நாணல் எடுக்கறேன். கண்ணு தெரியலையா?"

நடு வேலி முழுவதையும் பிரித்துக் கடல்பக்கம் கட்டினோம். சாயங்காலம் மறுபடி காற்று வந்தது. வேலி நின்றது.

ஆகஸ்ட் 24

நடுவில் ஒன்றுமே இல்லை. நிமிர்ந்தால் அவள் தெரிகிறாள். குனிந்தாலும் தெரிகிறாள். மத்தியானம் ரொட்டியும் மத்தி மீனும் கொண்டுவந்தாள். மீன் அளவுக்கு அதிகமாகச் சுட்டுவிட்டதாம், வீணாகிறதாம். மீன் அருமையாக இருந்தது.

இன்றைக்குத்தான் குச்சி வைத்தேன். அவள் வைத்த பிறகு.

அக்டோபர் 1

அறுவடை. என் குலைகள் பீப்பாயைப் பாதிகூட நிறைக்காது என்று இடாலினா பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. ஏழு மாதம் எதையெதையோ பெரிதாக்கினேன். திராட்சையைப் பெரிதாக்க முடியவில்லை.

ஜெனோவேவாவுக்கும் இந்த வருடம் குறைச்சல்தான். மூடுபனியில் பூ சரியாகப் பிடிக்கவில்லை. இடாலினா இரண்டு பேரையும் கிடங்கு வாசலில் நிற்கவைத்தாள்.

"மாமா பழத்துல வாசனை இருக்கு, சதை இல்ல. அடி காணாத மணல். அத்தை பழத்துல சதை இருக்கு, வாசனை ஒளிஞ்சுகிட்டு இருக்கு. பக்கத்துலயே களிமண். தனித்தனியாப் போட்டா ரெண்டு காடி. சேத்துப் போட்டா ஒரு ஒயின். முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க."

உள்ளே போய்விட்டாள், குறும்புக்காரி.

'அந்தப் பொய்யன் திராட்சையோட என் திராட்சை சேராது' என்று ஜெனோவேவா ஊரறியச் சொன்னவள். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ஒரு பெரிய வசனம் தயாராக வைத்திருந்தேன், அரசர்களும் கப்பல்களும் வருகிற வசனம்.

"சேத்துப் போடலாமா?" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"உன் பொய்யும் சேந்து ஊறுமே?"

"ஊறும்."

அவள் தன் கூடையைத் தூக்கினாள். கனமாக இருந்தது. இன்னொரு பக்கம் நான் பிடித்தேன்.

அக்டோபர் 2

நிறைந்தது.

நவம்பர் 11

புனித மார்ட்டின் நாள், புது ஒயினை ருசி பார்க்கிற திருநாள். கிடங்கில் கஷ்கொட்டை சுட்டார்கள். எங்கள் பீப்பாயிலிருந்து இடாலினா ஆளுக்கு ஒரு வாய் எடுத்துக் கொடுத்தாள். குடித்ததும் என் மீசை நேராக நின்று சல்யூட் அடித்தது. அடுத்த தெருவில் ஒரு பாதிரியார் பாவம் செய்யாமலே பாவமன்னிப்புக் கேட்டார். உப்பும், துவர்ப்பும், அடியில் எங்கோ ஒரு செர்ரியும்.

"இது குடிக்கிற மாதிரி ஆக பத்து வருஷம் ஆகும்" என்றாள் ஜெனோவேவா. "நீ இருப்பியாய்யா அதுவரைக்கும்?"

"நான் முந்நூறு வயசு வரைக்கும் இருப்பேன்."

"முந்நூறு வேணாம். பத்து போதும்."

புது நாணல் கட்டுகள் வந்து இறங்கியிருந்தன. நடு வேலியை எந்த இடத்தில் கட்ட வேண்டும் என்று கேட்டேன். கஷ்கொட்டைத் தோலை உரித்துக்கொண்டே சொன்னாள்:

"கடல் பக்கம் ரெண்டு வரிசையாக் கட்டு. காத்து அங்கருந்துதானே வருது."

உரித்ததை என் கையில் வைத்தாள்.

மக்காவ்காரர்கள், மலைக்குப் போன கோட்டு, கோழிகள், பாதிரியார் எல்லாம் என் சொந்தச் சரக்கு. ஒன்றே ஒன்றை மட்டும் உள்ளபடி எழுதினேன்: நடுவில் வேலி இல்லை.