கணப்பில் நுழையாத கட்டை

நவம்பர் 9

வீட்டுக்குள் ஒன்பது டிகிரி. கணப்பில் தீ திகுதிகுவென்று எரிகிறது. முகம் வேகிறது, முதுகு விறைக்கிறது.

மலைக்குக் கீழே யோவானினா நகரத்திலிருந்து நாத்தனார் பொலிக்செனி போன் செய்தாள். "அண்ணி, போன வருஷம் அண்ணனுக்கு நிமோனியா வந்தது போதாதா? என் மாடி வீடு காலியாத்தான் கிடக்கு, அறையைச் சூடாக்குற ரேடியேட்டரோட. ஜனவரி ஆறு, திருமுழுக்குப் பண்டிகை வரைக்கும் பார்ப்பேன். நீங்க வரலேன்னா வாடகைக்கு விட்டுடுவேன்."

என் வீட்டுக்காரர் ஸ்டெர்கியோஸ் சரியென்று தலையை ஆட்டினார். என் கோழிகளை விட்டு, இந்த மலையை விட்டு, நாலாவது மாடியிலா? மாட்டேன்.

நவம்பர் 12

முப்பது வருடம் ரொட்டி அடுப்போடு மல்லுக்கட்டியவள் நான். இந்தக் கணப்பு என்ன பெரிய கொம்பா? ஆழம் அதிகம், பக்கச் சுவர்கள் நேர். சூடெல்லாம் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகிறது. உள்ளே செங்கல் அடுக்கி ஆழத்தைக் குறைத்து, பக்கங்களைச் சாய்த்தால் சூடு அறைக்குத் திரும்பும். புகை போகும் கழுத்தையும் குறுக்க வேண்டும்.

"எங்கப்பா கையால கட்டினது. அதுல கை வச்சே, தெரியும் சேதி!" என்றார். வீட்டையே விட்டு வருவாராம், கணப்பைத் தொட விடமாட்டாராம்!

நவம்பர் 20

அவர் நுரையீரலைக் காட்ட யோவானினா போயிருக்கிறார், இரண்டு நாள். செங்கலை அடுக்கி, கழுத்தையும் குறுக்கிவிட்டேன். வெறும் களிமண் பூச்சு, வேண்டாமென்றால் பிரித்துவிடலாம். மாமனார் வைத்த கல் ஒன்றுகூட உடையவில்லை.

நவம்பர் 21

புகை, புகை, புகை! வீட்டை விட்டு ஓடினேன். ஏன்? — கணப்பின் வாய் ரொம்ப உயரம். மேல் விளிம்பில் ஒரு சாண் தகரம் மாட்டினேன். புகை ஒழுங்காக மேலே போனது. பதினேழு டிகிரி!

நவம்பர் 22

வந்தார். பார்த்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் கோட்டைக் கழற்றினார்.

டிசம்பர் 10

இருமல் இல்லை. விறகும் பாதிதான் ஆகிறது. பேச்சும் பாதிதான்.

டிசம்பர் 24

ஐயோ, நான் ஒரு மடச்சி. செங்கலை அளந்தேன், சூட்டை அளந்தேன், கிறிஸ்துமஸுக்கு எரிக்கும் பண்டிகைக் கட்டையை அளந்தேனா?

வசந்தத்தில் சாய்ந்த செர்ரி மரத்தின் அடிக்கட்டையை இன்றைக்கென்றே பத்திரப்படுத்தியிருந்தார். தூக்கிக்கொண்டு வந்தார். நுழையவில்லை. திருப்பி வைத்தோம். ம்ஹூம்.

"பன்னெண்டு நாள் இந்தக் கட்டை அணையாம எரியணும். இல்லேன்னா குட்டிச்சாத்தான் புகைபோக்கி வழியா இறங்கிடும். உன் செங்கலைப் பிரி!"

"பிரிக்கிறேன். அப்புறம் உங்க இருமலைத் தூக்கிட்டு மாடி வீட்டுக்குப் போவோம். சம்மதமா?"

கட்டையோடு வெளியே போய்விட்டார். நான் அழுதேன். கொஞ்ச நேரத்தில் கொட்டகையில் ரம்பச் சத்தம். ஓடினேன். இரண்டு பேர் இழுக்கும் ரம்பத்தைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தார். மறுமுனையைப் பிடித்தேன்.

"பண்டிகைக் கட்டையை அறுக்கலாமாங்க?"

"பன்னெண்டு துண்டு, நாளுக்கு ஒண்ணு. எல்லாம் ஒரே மரம்தானே? இழு, பேசாதே."

கொஞ்சம் இழுத்துவிட்டு அவரே பேசினார். "நீ குறுக்கி வச்சிருக்கிற கழுத்துல எந்தக் குட்டிச்சாத்தான் வரும்? தொந்தி மாட்டிக்கும்."

சிரித்துச் சிரித்து ரம்பத்தை விட்டுவிட்டேன்.

ஜனவரி 6

பன்னிரண்டு நாளும் தீ அணையவில்லை; நாளுக்கு ஒன்றுகூடத் தேவைப்படவில்லை, மூன்று துண்டு மிச்சம். காலையில் பாதிரியார் வந்து, புனித நீர் தெளித்துவிட்டு, கணப்பெதிரே கால் மணி நேரம் கூடுதலாகவே உட்கார்ந்திருந்தார்.

மதியம் பொலிக்செனி மாடி வீட்டுச் சாவியோடு வந்தாள். கோட்டைக் கழற்றினாள். பிறகு ஸ்வெட்டரை. "இதை யாரு செஞ்சது அண்ணே?"

"எல்லாம் அப்பா போட்ட கணக்குதான்," என்றார் ஸ்டெர்கியோஸ், கண் இமைக்காமல். "நாங்க செங்கல் மட்டும் வச்சோம்."

நாங்களாம்! பல்லைக் கடித்துக்கொண்டு தேன் பணியாரத்தை நீட்டினேன்.

கிளம்பும்போது அவள் சாவியை மேசைமேல் வைத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அதை எடுத்து அவள் பையிலேயே போட்டார்.

"வாடகைக்கு விட்டுடும்மா. உன் அண்ணிக்கு இங்க கோழி இருக்கு."